குக்கர் விசிலும் மூன்று பெஞ்சுகளும்

1

நேற்றுக் காலை எங்கள் வீட்டில் காஸ் தீர்ந்துபோனது.

இதையெல்லாம் ஒரு சேதி என்று பெங்களூரிலிருந்து எழுதி அனுப்புகிறாளா இந்தச் செல்வி என்று கேட்பீர்கள். சேதிதான். ஆனால் அது உங்களுக்குப் புரிய வேண்டுமானால் முதலில் என் வீட்டுக்காரருடைய முதுகைப் பற்றியும், எங்கள் குக்கரைப் பற்றியும், ஆஸ்பத்திரியில் கிடக்கும் மூன்று பெஞ்சுகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பொறுமை இருந்தால் படியுங்கள்.

போன தடவை நான் எழுதியதைப் படித்துவிட்டு ஊரில் ஒருவர், "பெங்களூர் இன்னா ஃபாரினா? குடியாத்தத்துல ரயில் ஏறினா மத்தியான சோத்துக்குப் போய்ச் சேந்துடலாம். அதுக்குப் போயி இவ்ளோ பொலம்பலா?" என்று கேட்டாராம். வாஸ்தவம்தான். கடலைத் தாண்டவில்லை, விமானம் ஏறவில்லை. இங்கே காய்கறிக்காரரும் தமிழ் பேசுவார், பூக்காரம்மாவும் தமிழ் பேசுவாள். நீலசந்திராவில் எங்கள் சந்துக்குள் நுழைந்தால் வேலூர்ப் பக்கம் வந்துவிட்டோமோ என்று உங்களுக்கே சந்தேகம் வரும். ஆனால் வலியை இன்னொரு பாஷையில் சொல்ல வேண்டிய இடம் ஒன்று உண்டு. அங்கே போய் உட்காரும்போது எத்தனை தூரம் வந்திருக்கிறோம் என்று தெரிந்துவிடுகிறது.

2

எங்களுடையது ஒரு கூடம், ஒரு சமையலறை. கூடத்தில் இருக்கும் ஒரே கட்டில் மகள் ஷாலினிக்கு. நாங்கள் இரண்டு பேரும் தரையில் பாய் விரித்துப் படுப்போம். "நீங்க கட்டில்ல படுங்க, அவ கீழ படுக்கட்டும்" என்று பலமுறை சொல்லிவிட்டேன். "படிக்கிற பொண்ணு, வுடு" என்று சொல்லிவிடுவார்.

விடிவதற்குள் நான் எழுந்து அரிசி களைந்து குக்கரை வைத்துவிடுவேன். அவருக்கு ஹெப்பகோடியில் ஒரு கிடங்கில் வேலை. அட்டைப்பெட்டிகளைத் தூக்கி வண்டியில் ஏற்றுவது, வண்டியிலிருந்து இறக்குவது. கம்பெனி பஸ் சீக்கிரம் வந்துவிடும். அதற்குள் சாப்பாட்டு டப்பா தயாராக வேண்டும்.

அவர் எனக்கு முன்பே விழித்துக்கொள்வார். ஆனால் எழுந்திருக்க மாட்டார். மல்லாந்து படுத்தபடி கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். முதல் விசில் வரும்போது ஒருக்களித்துப் புரண்டு படுப்பார். இரண்டாவது விசிலுக்கு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொள்வார். மூன்றாவது விசில் அடங்கும்போது நின்றுகொண்டிருப்பார், முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி.

வெகுநாள் வரைக்கும் இது எனக்குப் புரியவில்லை. மனிதர் பொழுதுபோகாமல் விசிலை எண்ணுகிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் வெயிட்டில் சோற்றுப் பருக்கை அடைத்துக்கொண்டு மூன்றாவது விசில் பாதியில் நின்றுவிட்டது. அப்போதுதான் அவர் வாயிலிருந்து வந்த சத்தத்தைக் கேட்டேன். என்னவோ கிழிகிற மாதிரி ஒரு சத்தம். கரண்டியோடு கூடத்துக்கு ஓடினேன்.

"இன்னாங்க?"

"ஒண்ணும் இல்ல. தொண்ட கட்டிக்கிச்சி."

தொண்டைதான் கட்டியிருக்கிறது, அது எனக்கும் தெரியும். அன்றிலிருந்து ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு மனுஷரிடம், "வலிக்குது" என்று இவர் வாயைத் திறந்து சொல்லிவிட வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு வேண்டுதல் கிடையாது.

3

நான் ஆஸ்டின் டவுனில் ஒரு தையல் கடையில் பிளவுஸுக்கு ஹெம்மிங் போடுகிறேன். அங்கே துணி தைக்க வந்த ஓர் அம்மா சொல்லித்தான் அந்த ஆஸ்பத்திரி தெரிந்தது. முதுகுவலிக்கென்றே அங்கே தனியாக ஒரு பிரிவு இருக்கிறதாம். அதற்குள் நாங்கள் பார்க்காத வைத்தியம் இல்லை. பெல்ட் போட்டாயிற்று, ஊசி போட்டாயிற்று, நாள்கணக்கில் எண்ணெய் தேய்த்தாயிற்று. போட்ட பெல்ட் இப்போது பீரோ மேல் சுருண்டு கிடக்கிறது.

இந்த ஆஸ்பத்திரியில் போனவுடனே வைத்தியம் ஆரம்பிப்பதில்லை. முதலில் நம்மைப் பிரிக்கிறார்கள். பிரிக்கிற பெண்ணின் பெயர் ரம்யா. பிசியோதெரபிஸ்ட். என் மகளைவிடக் கொஞ்சம் மூத்தவளாக இருப்பாள். முகத்தைப் பார்த்துப் பேசுகிற நல்ல பெண். அவள் கன்னடத்தில் சொன்னதை ஷாலினி எனக்குத் தமிழில் சொன்னாள்.

முதுகுவலி என்று வருகிறவர்கள் எல்லோரும் ஒன்றில்லையாம். எல்லோருக்கும் ஒரே வைத்தியம் பார்ப்பதால்தான் பலருக்கு வலி குறைவதில்லையாம். அதனால் முதலில் ஆபத்தான அடையாளம் ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பார்கள். காய்ச்சல், காரணமில்லாமல் உடம்பு இளைப்பது, சிறுநீர் அடைப்பது, கால் மரத்துப்போவது இப்படி. இருந்தால் உடனே பெரிய டாக்டரிடம் அனுப்பிவிடுவார்கள். இல்லாதவர்களை மூன்றாகப் பிரிப்பார்கள். தாழ்வாரத்தில் மூன்று பெஞ்சுகள்.

முதல் பெஞ்சு, தானாகவே சரியாகிவிடக்கூடியவர்களுக்கு. நடங்கள், பயப்படாதீர்கள், படுத்தே கிடக்காதீர்கள் என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். இரண்டாவது பெஞ்சு, ஆள் வைத்துப் பயிற்சி கொடுத்தால்தான் தேறுகிறவர்களுக்கு. இவர்களைப் பாய் விரித்த பெரிய அறைக்குக் கூட்டிப்போய்க் குனியவும் நிமிரவும் தூக்கவும் புதிதாகக் கற்றுக்கொடுப்பார்கள். வேலை பார்க்கிற இடத்துக்கும், பாரம் தூக்க வைக்காதீர்கள் என்று எழுதிக் கொடுப்பார்கள். மூன்றாவது பெஞ்சு, வலியோடு பயமும் தூக்கமின்மையும் கவலையும் சேர்ந்து பின்னிக்கொண்டவர்களுக்கு. அவர்களுக்குப் பயிற்சி மட்டும் போதாது, உட்கார வைத்துப் பேச வேண்டும்.

கேட்டுக்கொண்டிருந்த எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இத்தனை காலம் கழித்து முதுகைப் பார்க்காமல் மனுஷனைப் பார்க்கிற ஓர் இடம் கிடைத்ததே என்று. இவருக்கு இரண்டாவது பெஞ்சு, இரண்டாவது பெஞ்சு என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன். ஏதோ ஸ்கூலில் பிள்ளைக்கு சீட் கேட்கிறவள் மாதிரி.

ரம்யா கேள்வி கேட்க ஆரம்பித்தாள்.

"தேவராஜ் அவ்ரே, நோவு இதியா?"

வலி இருக்கிறதா என்று கேட்கிறாள். எங்கள் வீட்டுக்காரர் கோலார் தங்கவயலில் பிறந்தவர். கன்னடம் அவருக்குத் தண்ணி பட்ட பாடு. இவருக்குப் பாஷை தெரியாது என்ற சாக்குச் செல்லாது.

"ஏனு இல்லா மேடம். சொல்ப."

ஒன்றும் இல்லையாம். கொஞ்சமாம். உடை மாற்ற முன்னைவிட நேரம் ஆகிறதா என்றாள். இல்லை. தினமும் அவருக்கு சாக்ஸ் மாட்டிவிடுகிறவள் நான், பக்கத்திலேயே நிற்கிறேன். நன்றாகத் தூங்குகிறீர்களா? ஓ. பிடித்த காரியங்களைச் செய்வதில் சந்தோஷம் குறைந்திருக்கிறதா? இல்லை, ஞாயிற்றுக்கிழமையானால் கால்பந்து ஆடுகிறேன் என்றார். அந்தக் கால்பந்தில் காற்று இறங்கி, அதில் ஷாலினி குடையைச் சாய்த்து வைத்திருக்கிறாள்.

"பக்கி, பக்கி" என்று குனியச் சொன்னாள் ரம்யா.

குனிந்தார். விரல் நுனி பாதத்தைத் தொட்டது. நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். படுக்க வைத்துக் காலைத் தூக்கிப் பார்த்தாள். தூக்கிய இடத்துக்குக் கால் போனது. வீட்டில் கீழே விழுந்த சாவியை எடுக்க மகளைக் கூப்பிடுகிற மனுஷன் இங்கே சர்க்கஸ்காரர் மாதிரி வளைகிறார்.

நான் எனக்குத் தெரிந்த கன்னடத்தில் குறுக்கே புகுந்தேன். இவர் பொய் சொல்கிறார், காலையில் எழுந்திருக்கவே முடிவதில்லை என்று. பாதி கன்னடம், பாதி தமிழ். ஷாலினி என் முழங்கையைக் கிள்ளினாள்.

"மா, சும்மா இரு. டாடியே சொல்றாரு இல்ல? நீ ஓவரா பண்ற."

ரம்யாவும் சிரித்தபடியே, அவரே சொல்லட்டும் அம்மா என்றாள். எங்களுக்கு முதல் பெஞ்சு கிடைத்தது.

வீட்டுக்கு வந்து சட்டையைத் துவைக்கப் போடும்போது பையில் மாத்திரை அட்டை இருந்தது. இரண்டு குழி காலி. ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்னால் வலி மாத்திரை போட்டுக்கொண்டு போயிருக்கிறார். முதுகுவலிக்கு வைத்தியம் பார்க்கப் போகிறவர், வலி தெரியாமலிருக்க மாத்திரை போட்டுக்கொண்டு! உங்களில் யாராவது இப்படி ஒரு கூத்தைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

4

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. அட்டையை அவர் முன்னால் எறிந்து, "இன்னா இது? பரிச்சைக்கா போன நீ?" என்று கத்தினேன். கோபம் வந்தால் நான் அவரை 'நீ' என்றுதான் சொல்வேன்.

அவர் அட்டையை எடுத்து மறுபடி பையில் வைத்துக்கொண்டார். "எங்கப்பா இப்பிடித்தான் போவாரு" என்றார்.

என் மாமனார் தங்கச் சுரங்கத்தில் பூமிக்கடியில் பாறை துளைக்கிற வேலை பார்த்தவர். நான் அவரைப் போட்டோவில்தான் பார்த்திருக்கிறேன். கம்பெனி கொடுத்த லைன் வீடுகளில் எல்லோருக்கும் ஒரு பயம் இருந்ததாம். கம்பெனி டாக்டர் 'அன்ஃபிட்' என்று எழுதிவிட்டால் வேலை போகும், வேலை போனால் வீடு போகும். அப்படி நிஜமாகவே யார் வீடாவது போனதா என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. பயம் மட்டும் எல்லா வீட்டிலும் இருந்தது என்றார். டாக்டரிடம் போக வேண்டிய நாளுக்கு முதல் நாள் சாயங்காலம் மாமனார் வாசலில் நின்று குனிந்து நிமிர்ந்து பழகுவாராம். விரல் பாதத்தைத் தொடுகிற வரைக்கும். பிள்ளைகள் சுற்றி நின்று தொட்டாச்சு, தொட்டாச்சு என்று கைதட்டுவார்களாம். அவர்களுக்கு அது ஒரு விளையாட்டு.

"காத்தால ஷிப்டுக்கு சங்கு ஊதும்ல, அப்பதான் எங்கப்பா எழுந்திருப்பாரு. சின்னப் பையனா இருக்கறப்ப அந்த சங்குக்கு ரெண்டு கொரலுன்னு நெனச்சிக்கினு இருந்தேன்" என்றார்.

அதைச் சொல்லிவிட்டு அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சுரங்கத்தை மூடி எவ்வளவோ காலமாகிவிட்டது. டாக்டரும் இல்லை, சங்கும் இல்லை, மாமனாரும் இல்லை. இவர் இந்த ஊருக்கு வந்து, தாடி நரைத்து, வேறு ஏதோ ஒரு கம்பெனிக்குப் பெட்டி தூக்குகிறார். வெள்ளைக் கோட்டைப் பார்த்தவுடன் இன்னும் அந்த வாசலில்தான் நிற்கிறார்.

5

முதல் பெஞ்சுக்காரர்களுக்குச் சொல்கிறபடி இவரையும் நடக்கச் சொன்னார்கள், நடந்தார். அதற்கு மேல் பெட்டியும் தூக்கினார். மழைக்காலம் முடிகிற சமயத்தில் ஒருநாள் கிடங்கில் குனிந்தவர் நிமிரவில்லை. கூட வேலை செய்கிறவர்கள் ஒரு லக்கேஜ் ஆட்டோவில் படுக்க வைத்துக் கொண்டுவந்து இறக்கினார்கள். அத்தனை பேர் சுற்றி நிற்கும்போதும் இவர் சொன்னது, "ஒண்ணும் இல்ல, கால் ஸ்லிப் ஆயிடுச்சி."

இந்தத் தடவை நான் மாத்திரை அட்டையை அரிசி டப்பாவுக்குள் ஒளித்துவிட்டேன். ஷாலினிக்கு இன்டர்வியூ இருந்ததால் வரவில்லை. நாங்கள் இரண்டு பேர் மட்டும் போனோம்.

ரம்யா குனியச் சொன்னாள். முழங்கால் வரைக்கும் போன கை அங்கேயே நின்றுவிட்டது. நெற்றியில் வேர்வை முத்து முத்தாக. காது மடல்கூடச் சிவந்துவிட்டது. சுற்றிலும் ஒரு சத்தம் இல்லை. நான் என் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றேன். இதோ சொல்லப்போகிறார், சொல்லிவிடுவார் என்று.

"நோவு ஆக்தா இதியா, தேவராஜ் அவ்ரே?"

"இல்லா மேடம். பேன்ட்டு டைட்டு."

ரம்யா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. அந்தப் பெண்ணை நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். மெதுவாக அவர் தோளைப் பிடித்து நிமிர்த்தி உட்கார வைத்தாள். பிறகு அவரை மூன்றாவது பெஞ்சுக்கு அனுப்பினாள். சரியாகத்தான் பிரித்தாள். பயத்தில் பின்னிக்கிடக்கிற ஆள் என்று கண்டுபிடித்தாளே, அது போதும் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றியது.

மூன்றாவது பெஞ்சுக்காரர்களிடம் பேசுகிறவர் வயதான, மரியாதை தெரிந்த ஒரு மனுஷர். கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். நான் வெளியே உட்கார்ந்திருந்தேன். கண்ணாடி வழியாக இவருடைய பின்தலை தெரிந்தது. அது ஆடவே இல்லை. அடுத்தடுத்த வாரங்களிலும் அப்படித்தான். உங்களுக்கு எதை நினைத்தால் பயம் என்று கேட்டாராம். இவர் எல்லாம் நன்றாக இருக்கிறது என்றாராம். அப்பாவைப் பற்றிக் கேட்டாராம். மைன்ஸில் வேலை, நல்ல ஆரோக்கியம் என்றாராம். கடைசியில் அவரே என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இவர் வாயைத் திறக்காமல் நான் என்னம்மா செய்வது என்று கேட்டார்.

வீட்டில் நான் கெஞ்சினேன். "அவங்ககிட்ட சொன்னா இன்னா போயிடும்? இது இன்னா உங்க அப்பா காலமா?"

"சொன்னா லெட்டர் குடுப்பாங்க. பாரம் தூக்கக் கூடாதுன்னு. அத எடுத்துனு போயி கான்ட்ராக்டர்ட்ட குடுத்தா அவன் இன்னா பண்ணுவான், சேர் போட்டு உக்கார வெப்பானா? போன மாசம் எங்கூட பெட்டி தூக்கின முனிராஜ் குடுத்தான். இப்ப முனிராஜ் எங்க?"

முனிராஜ் எங்கே என்று எனக்கும் தெரியாது. அதுதான் கொடுமை. அந்தக் காலத்துப் பயம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது இந்தக் காலத்துக்கும் சரியாகப் பொருந்துகிறது. என் மாமனாராவது வீடு போய்விடும் என்று பயந்தார். இவருக்குப் போவதற்கு ஒரு வீடுகூடக் கிடையாது, வாடகைதான்.

அதற்கு அடுத்த வாரம் அவர் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. நானும் கூப்பிடவில்லை.

6

பிரிப்பதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும். இந்த ஊருக்கு வந்ததிலிருந்து என்னையும் பிரித்துக்கொண்டேதான் இருக்கிறார்கள். ரேஷன் கார்டுக்குப் போனால் அந்தப் பக்கம் போய் உட்கார், நீ வெளி மாநிலம். ஊருக்கு வந்து ஒரு சான்றிதழ் கேட்டால் இந்தப் பக்கம் போய் நில், நீ இப்போது கர்நாடகம். இரண்டு பெஞ்சுக்கும் நடுவில் தரையில் உட்கார்ந்துதான் ஷாலினியைப் பெற்று வளர்த்தேன்.

அவளுக்கு அந்தச் சங்கடம் இல்லை. கன்னடத்தில் சண்டை போடுவாள், இங்கிலீஷில் சிரிப்பாள், தமிழில் சோறு கேட்பாள். தமிழ் எழுத்து தெரியாது. நான் இதை எழுதிக்கொண்டிருக்கும்போது எட்டிப் பார்த்து, "இன்னாமா, ஜிலேபி சுத்தறியா?" என்றாள். உன் அப்பாவைப் பற்றித்தான் எழுதுகிறேன் என்றேன். "நைஸ்" என்று சொல்லிவிட்டு மறுபடி போனுக்குள் போய்விட்டாள். நல்ல பிள்ளைதான். அப்பாவுக்கு எப்படி இருக்கிறது என்று தினமும் கேட்பாள். "சூப்பரா கீறேன் கண்ணு" என்று அவர் சொல்வார். அவள் நம்பிவிடுவாள். அவளுக்குப் புனாவில் வேலை கிடைத்திருக்கிறது. அடுத்த மாதம் கட்டில் காலியாகிவிடும். அப்போதும் அவர் அதில் படுக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும்.

ஊரிலிருந்து என் அண்ணன் போன் செய்து, "எப்பிடிமா கீறீங்க?" என்று கேட்கும்போது நான் என்ன சொல்கிறேன் என்கிறீர்கள்? "நல்லா கீறோம்ண்ணா, ஒரு கொறையும் இல்ல." யாரும் எனக்கு மாத்திரை கொடுக்கவில்லை. தானாகத்தான் வருகிறது.

7

இனி நேற்றைய சேதி.

அரிசி களைந்து குக்கரை அடுப்பில் வைத்தேன். இப்போதெல்லாம் நான் ஒரு விசில் கூடுதலாகவே விடுகிறேன். மூன்றுக்குள் அவரால் எழுந்திருக்க முடிவதில்லை. சோறு குழைந்துபோகிறது. சாப்பிடுகிறவர் ஏன் என்று கேட்பதில்லை.

குக்கரில் இன்னும் ஆவி கட்டவில்லை, அடுப்பு லேசாகச் சிவந்து, இரண்டு தடவை துடித்து, அணைந்துவிட்டது. சிலிண்டரை ஆட்டிப் பார்த்தேன், சாய்த்துப் பார்த்தேன். காலி. வேறு சிலிண்டர் கிடையாது.

கூடத்தை எட்டிப் பார்த்தேன். அவர் மல்லாந்து படுத்திருந்தார். கண் திறந்திருந்தது.

"இன்னா ஆச்சி?" என்றார்.

"காஸ் தீந்துபோச்சி."

"ஓ."

அவ்வளவுதான். எழுந்திருக்கவில்லை. பஸ் வருகிற நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. கட்டிலில் ஷாலினி எழுந்து உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தெருவில்கூட அன்றைக்கென்று பார்த்து ஒரு வண்டி இல்லை, ஒரு நாய் குரைக்கவில்லை.

இந்த நிமிஷத்துக்காகத்தானே நான் இத்தனை நாளாகக் காத்திருந்தேன். மறைத்துக்கொள்ள அவருக்கு ஒரு விசில்கூட இல்லை. அந்தச் சத்தம் ஒரே ஒரு தடவை எங்கள் இருவர் முன்னாலும் வெளியே வந்துவிட்டால் போதும். அப்புறம் அவரால் என்னிடம், ஒன்றும் இல்லை என்று சொல்ல முடியாது, மகளிடம் சூப்பர் என்று சொல்ல முடியாது. மகளே கையைப் பிடித்து ரம்யாவிடம் இழுத்துக்கொண்டு போவாள். கன்னடத்தில் சண்டை போட்டு இரண்டாவது பெஞ்சில் இடம் வாங்கிவிடுவாள். வேலை போனால் போகட்டும். நான் சும்மா நின்றால் போதும். ஒன்றும் செய்யாமல், சமையலறை வாசற்படியில், சும்மா.

நின்றேன். அவர் ஒருக்களிக்கப் பார்த்தார், உதட்டைக் கடித்துக்கொண்டு மறுபடி மல்லாந்தார். ஷாலினியைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. எங்கள் கல்யாணத்திலிருந்து இன்றுவரை அந்த மனுஷன் என்னிடம் எதையும் கேட்டதில்லை.

நான் சமையலறைக்குள் போனேன். மிக்சியில் ஜாரைப் பொருத்தி, மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, கடைசி வேகத்தில் திருகினேன். வீடே அதிர்ந்தது.

"மா! வெறும் ஜாரு!" என்று ஷாலினி கட்டிலிலிருந்து கத்தினாள். "உள்ள ஒண்ணுமே இல்லமா!"

ஜன்னல் கம்பியில் அவர் கை தெரிந்து, தோள் தெரிந்து, தலை தெரிகிற வரைக்கும் நான் அதை நிறுத்தவில்லை.